ஐந்தாவது ஏன்

மூச்சுச் சிகிச்சைப் பயிற்சி நிலையத்தின் முதல்வருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சக்கரம். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற நான்கு சொற்களை வட்டமாக எழுதி, நடுவே அம்புக்குறி சுற்றவிட்ட ஆளுயரப் பலகையைப் பயிற்சி அறையின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார். தர மேம்பாட்டுப் பாடத்தையும் அவரே நடத்தினார். அதனால் வகுப்பில் தூக்கத்தின் தரம் மேம்பட்டதை யாரும் மறுக்கவில்லை.

அன்று மேலிடத்திலிருந்து ஆய்வாளர் அம்மையார் வந்திருந்தார். கடைசி வருட மாணவி ஒருத்தி தன் ஆய்வைச் சொல்ல வேண்டும். போன முறை இதே பாடத்தில்தான் கோட்டை விட்டாள்; இன்றும் விட்டால் காத்திருக்கும் ஆஸ்பத்திரி வேலை போய்விடும். மார்க் போடுகிறவர் சக்கரம்.

"மேடம் பேசுறப்போ ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது!" என்று அதட்டினார் முதல்வர்.

"நல்ல எடத்துல வந்து சொன்னீங்க சார்" என்றார் அம்மையார்.

மாணவி தொடங்கினாள். பயிற்சிப் பொம்மைக்குக் காற்று ஊட்டும் வென்டிலேட்டர் ஓயாமல் அலறுகிறது. வேர்க் காரணம் கிடைக்க ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது முதல்வர் நடத்திய பாடம். அம்மையாரே கேட்டார்.

"ஏன்?"

"குழாய் கழண்டுக்குது மேடம்."

"ஏன்?"

"வர்றவங்க கால் தடுக்குது."

"ஏன்?"

"குழாய் வாசலுக்குக் குறுக்க கெடக்கு."

"ஏன்?"

"மெஷின் வாசலுக்கு அந்தப் பக்கம், பொம்மை இந்தப் பக்கம்."

மாணவி முதல்வரைப் பார்த்தாள். அவர் நாலோடு நிறுத்து என்று கண்ணால் கெஞ்சினார்.

"ஏன்மா?"

"ரூம் நடுவுல எடமில்ல மேடம்." பலகையைக் கைகாட்டினாள். "அங்க தர மேம்பாடு நிக்குது."

இப்போது உண்மையாகவே யாரும் மூச்சு விடவில்லை. பலகையை மறைக்கப் பாய்ந்தார் முதல்வர். கால் குழாயில் மாட்டியது. வென்டிலேட்டர் அலறியது.

"ஆதாரமும் கெடைச்சாச்சு" என்றார் அம்மையார். "என்ன மார்க் போடப் போறீங்க?"

முதல்வர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஆய்வே நான் வழிகாட்டினதுதான் மேடம். முழு மார்க்!"

பலகை பழைய சாமான் கிட்டங்கிக்குப் போனது. மாணவி வேலையில் சேர்ந்தாள். சில வாரங்களில் பயிற்சி நிலையத்திலிருந்து ஜூனியர் பெண் போன் செய்தாள்.

"அக்கா, மெஷின் திரும்பக் கத்துது."

"ஏன்?"

"இந்தத் தடவ ஒரு ஏன் போதும்க்கா. பழைய பலகைய எடுத்த சாதனைய எழுதி, சக்கரம் அதே எடத்துல பெரிய பலகையா வச்சுட்டாரு."