அடி அண்ணாமலைக் கடல் மீன்கள்

குளத்து மதகைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாதடி என்று ஜோதியம்மாள் மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கவிநிலா ஊர்க்கூட்டத்தில் எழுந்து முதலில் கேட்டதே அதைத்தான்.

அடி அண்ணாமலைக் குளத்தில் கடல் மீன் வந்தது, அவள் தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஆடியில். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் மரு உதிர வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் கொட்டிக் கொட்டிக் குளம் கரித்துக் கிடந்தது. அதில் கிளிமீனும் களவாயும் வந்ததற்கு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்த வாரம் தக்காளி விலையைத்தான் ஜாஸ்தி பேசினார்கள். சாமி மீன், பிடிக்கக்கூடாது என்று முடிவானது. அதோடு விட்டிருக்கலாம். ஒன்றுகூட வெளியே போய்விடக்கூடாதென்று மதகைச் சிமெண்டு வைத்துப் பூசினார்கள். அந்த மாதமே தெற்கே கடற்கரையில், மண்டபம் ஊரில், தீவுகளைச் சுற்றி மீன் கணக்கெடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் கட்டிக்கிறவர் அனுப்பினால் போ என்றார் அவள் அப்பா தசரதன்.

வருஷங்கள் போயின. பொரி தின்று பெருகிய மீன்கள் படுக்க இடமில்லாமல் செங்குத்தாக நின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன ஒவ்வொரு தடவையும் கவிநிலாவின் அறை ஒரு முழம் சுருங்கியது. தசரதன் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார். சுவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்துப் போனார். அவள் காலை மடக்கிப் படுக்கப் பழகிக்கொண்டாள். இந்தப் பங்குனியில் மண்டபத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் அவள் சுற்றி வளைக்கவில்லை. தீவுகளைச் சுற்றி வலை போடக்கூடாது, அதனால் அங்கே மீன் பெருகுது, பெருகினது எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகுது, வெளியே இருக்கிற படகும் நிறையுது என்றாள். “எல்லை வலைக்குத்தான். மீனுக்கு இல்ல.”

“படிச்ச பொண்ணு கடலையே தூக்கினு வந்துடுச்சுப்பா” என்றார் தலைவர் கண்ணாயிரம். கூட்டம் சிரித்தது.

தசரதன் சிரிக்கவில்லை. “வெளிய வுட்டா நாய் கவ்வும், பருந்து தூக்கும். உள்ள இருந்தா பொரியாச்சும் கிடைக்குதேம்மா.” அவர் குளத்துப் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை.

“மீனைத்தானே சொல்றீங்க, நைனா?”

காலையிலேயே காசியின் டீக்கடையில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு அவள் பஸ் வரும் ரோட்டுக்கு நடந்தாள். குளத்திலிருந்து மீன்கள் எழும்பி, தோள் உயரத்தில், வரிசை கலையாமல் அவள் பின்னால் போயின. ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் சொட்டுமே என்று காசி பால் குண்டானை மூடிவைத்தார்.