மூன்று மூட்டை பவுடர்

பேரூராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதுகிற மோட்டார் நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. காற்று ஏறாவிட்டால் தொட்டித் தண்ணீர் கறுத்து நாறும். பதினோரு வருஷமாக அங்கே ஒப்பந்தக் கூலியாக இருக்கிற ஒச்சாண்டிக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறாது. அன்று காலை ஏறியது.

சாயங்காலம் அவர் ஊரில் அம்மனுக்கு முளைப்பாரி கரைப்பு. நிலையத்திலிருந்து ஓடையில் விழுகிற தண்ணீர்தான் ஒரு மைல் கீழே அவர் ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. பத்து நாள் விரதம் இருந்த பெண்கள் பயிர் முளைத்த பாரிச் சட்டியைத் தலையில் சுமந்து வந்து, அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கிக் கரைப்பார்கள். அவருடைய மருமகள் பவானியும் இறங்குவாள். கல்யாணமாகி நாலு வருஷம். பிள்ளை வேண்டித்தான் பாரி போட்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கிங்ஸ்லிக்குப் போன் போட்டார். மோட்டார் தேனியில் பிரித்துக் கிடக்கிறது, தொட்டி நிரம்பினால் திறந்து விடு, மோட்டார் நின்ற விஷயம் வெளியே போனால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார் அவர்.

தொட்டி விளிம்பைத் தொட்டு நின்றது. திறக்கத்தான் வேண்டும். ஆனால் ஆத்தாளின் பாரி இறங்குகிற இடத்துக்கு இதை இப்படியே அனுப்ப ஒச்சாண்டிக்கு மனசு வரவில்லை. கடைசித் தொட்டியில் நாளுக்கு ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைப்பது வழக்கம். அவர் மூன்று மூட்டையைக் கொட்டினார். கண் எரிய எரியக் கழியால் கலக்கினார். நாற்றம் அடங்கி ஆஸ்பத்திரி வாசம் வந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிறைவுகூட இருந்தது.

பெண்கள் பாரியோடு கண்மாய்க் கரைமேல் வந்ததும் கொட்டு நின்றது. தண்ணீர் ஓரமெல்லாம் மீன் செத்து மிதந்தது. கெண்டை, ஜிலேபி, விரலளவு குஞ்சு, எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு. இத்தனை வருஷ சாக்கடைக்குச் சாகாத மீன்.

தண்ணீரை யாரும் அதிக நேரம் பார்க்கவில்லை. பாரிகளைப் பார்த்தார்கள். இருபத்தொரு பாரியில் பவானியுடையது மட்டும் ஒரு பக்கம் மஞ்சளடித்திருந்தது. பாரி வளர்த்த வீட்டுக்காரி முத்துலட்சுமி, சாமி ஏற்கவில்லை என்றாள். விரதத்தில் யாரோ சுத்தம் தப்பியிருக்கிறார்கள் என்று பின்னால் ஒரு பேச்சு ஓடியது. பவானியைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி ஒதுங்கினார்கள். ஒச்சாண்டியின் சம்சாரம் சங்கிலியம்மாளும் ஒதுங்கினாள்.

"என்னத்தா பண்ணித் தொலச்ச? இப்பவே சொல்லிரு" என்றாள் மருமகளிடம், மெதுவாக.

"ஒண்ணுமே பண்ணலத்தே."

தலைமேல் பாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரைக்கும்வரை தரையில் இறக்கவும் கூடாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒச்சாண்டி நாளைக்கும் வேலைக்குப் போகலாம். பவானிக்குத்தான் இந்தக் கரையில் நடந்தது ஆயுசுக்கும் முடியாது. பிள்ளை இல்லாததற்கும் இதையே காரணம் சொல்வார்கள்.

"அந்தப் புள்ளைய விடுங்க" என்றார். "மீனக் கொன்னது நானு."

மோட்டார் நின்றதிலிருந்து மூன்றாவது மூட்டை வரைக்கும் சொன்னார். "வெளிய சொல்லக் கூடாதுன்னாக. ஆத்தாளுக்கு நாறக் கூடாதேன்னுதான் போட்டேன்."

யாரோ செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். முத்துலட்சுமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வருசா வருசம் நாங்க எறங்குனது எந்தத் தண்ணியிலண்ணே?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மோட்டார் ஓடுனா தெளிஞ்ச தண்ணித்தா" என்றார்.

பெரியாற்றுக்கே போய்க் கரைத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். மூன்று மைல். கொட்டு இல்லாமலே வரிசை திரும்பியது. சங்கிலியம்மாள் கொஞ்ச தூரம் தனியாக நடந்தாள். பிறகு பவானியின் பக்கம் வந்து, பாரிச் சட்டிக்கு அடியில் ஒரு கை கொடுத்தாள்.

ஒச்சாண்டி போகவில்லை. ஓடை கண்மாயில் சேருகிற இடத்தில் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார். இருட்டுவதற்குள் மீனையெல்லாம் புதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது குழம்புக்கு அள்ளிப் போய்விடுவார்கள். கரையில் கழற்றி வைத்த சட்டைக்குள் போன் அடித்தது. செல்போன் படம் அதற்குள் கிங்ஸ்லி வரைக்கும் போயிருக்கும். கூடையோடு தண்ணீரில் இறங்கினார். அது அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.