எந்தக் கதவைத் திறப்பது

தானே புயல் கரையைக் கடந்த அன்று காலை, நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டில் வெண்மதியும் அவள் தங்கை தமிழ்மொழியும் மட்டும்தான் இருந்தார்கள். அப்பா மதிவாணனுக்கு மைன்ஸில் நைட் ஷிப்ட். அம்மா பண்ருட்டிக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

தங்கையின் பயத்தைப் போக்கத்தான் வெண்மதி அந்தப் புத்தகத்தை எடுத்தாள். புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. படிப்பவரே அதில் வீரன். பாதாளக் கோட்டைக்குள் புகுந்து மந்திரவாதியைக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்தி முடிவிலும், இதைச் செய்தால் இந்தப் பக்கம் போ, அதைச் செய்தால் அந்தப் பக்கம் போ என்றிருக்கும். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு கதவுகள் வந்தன. தமிழ்மொழி இடக்கதவைச் சொன்னாள். வெண்மதி பக்கத்தைப் புரட்டினாள். தரை பிளந்து வீரன் செத்துப்போனான்.

"என்னா புக்குடி இது? எந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு ஒரு துப்பும் குடுக்கல. படம் நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மந்திரவாதி ஏன் கெட்டவன்னு ஒரு வரிகூட இல்லியே."

"எனக்குப் புடிச்சிருக்குக்கா. மத்த கதையில யாரோ சாவான். இதுல நான்தான கதவத் தொறக்கிறேன். கை சில்லுனு ஆயிடுது."

வெண்மதி பதில் சொல்வதற்குள் வெளியே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. ஜன்னலிடுக்கில் பார்த்தாள். வாசல் வேப்பமரம் அடியோடு ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நாகம்மாள் கதவைப் பாதி திறந்துகொண்டு கத்தினாள்.

"இங்க ஓடியாந்துடுங்கம்மா. மரம் உங்க வூட்டு மேல சாயுது."

"போலாமாக்கா, இருக்கலாமா?" தமிழ்மொழி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

தெருவில் கம்பிகள் அறுந்து கிடந்தன, தகரங்கள் பறந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்தால் மரம். புத்தகத்தில் செய்வதுபோல முந்தைய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப இங்கே வழியில்லை. தங்கையை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சமையல் மேடைக்கு அடியில் இருவரும் ஒடுங்கினார்கள்.

மரம் விழுந்தபோது தரை அதிர்ந்தது. ஹாலின் ஓடுகள் நொறுங்கிச் சரிந்தன. மழை நேராக வீட்டுக்குள் கொட்டியது. தமிழ்மொழி அழக்கூட இல்லை. அக்காவின் தோளைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

காற்று அடங்கிய பிறகு மதிவாணன் வழியெல்லாம் மரங்களைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். பின்சுவர் ஏறிக் குதித்து மகள்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நாகம்மாளின் வீட்டில் ஒரு ஓடுகூடப் பெயரவில்லை.

"அவ்ளோ கூப்டேனே, ஏம்மா வரல?" என்று அவள் கேட்டாள்.

வெண்மதி தெருவைப் பார்த்தாள். ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.