எழுந்து போனவர்கள் நோட்டு

நாடகம் முடிந்ததும் மற்ற இயக்குநர்கள் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று கேட்பார்கள். நம்ம இயக்குநர் நேராக டிக்கெட் மேசைக்கு வந்து, "எத்தனை பேர் பாதியில எழுந்து போனாங்க?" என்பார்.

மேசையில் இருப்பது மருந்துக்கடைக்காரி. பகலில் தலைவலி மாத்திரை விற்கிறேன், சாயங்காலம் தலைவலிக்கே டிக்கெட் விற்கிறேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள். எழுந்து போகிறவர்களைக் குறிக்க அவளிடம் தனி நோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார்.

"பூஜ்யம் சார்."

"நல்லாப் பார்த்தியா?"

"ஒருத்தர் எழுந்தார் சார். செருப்பைத் தேடிட்டு மறுபடி உட்கார்ந்துட்டார்."

கம்பெனி என்றால் ஆறு பேர், எண்பது நாற்காலி, ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த கூடம். மழை பெய்தால் இன்றைக்கும் ரப்பர் வாசனை வரும். இந்த முறை மூன்று நாடகம், மூன்றும் ஜனங்களைத் தூங்கவிடாமல் அடிக்கப்போகிறது என்று ஆள் சபதமே போட்டிருந்தார். வாசலில் 'மனம் பலவீனமானவர்கள் உள்ளே வர வேண்டாம்' என்று சிவப்பில் எழுதிய பலகை வேறு.

முதல் நாடகத்தில் புருஷன்காரன் பெண்டாட்டிக்குத் தினமும் துளித்துளியாக விஷம் கொடுக்கிறான். முன்வரிசை அம்மாள் ஒருத்தி, "விஷம் வெச்சாலும் டம்ளரைக் கழுவி வைக்கிறான் பாரு, எங்க வீட்டுல அதுகூடக் கிடையாது" என்றாள். கூடமே குலுங்கிற்று. இரண்டாவதில் மேலாளர் நாற்காலியில் செத்துக் கிடக்க, மூன்று நாள் யாரும் கவனிக்காமல் ஆபீஸ் நடக்கிறது. பக்கத்து வங்கிக்காரர்கள் கூட்டமாக வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் தங்கள் மேலாளரையும் கூட்டிவந்து காட்டினார்கள்.

இயக்குநர் பலகையில் எழுத்தை இன்னும் பெரிதாக்கினார். கூட்டம்தான் பெரிதாயிற்று.

மூன்றாவது நாடகம்தான் அவர் உயிர். மேசை மேல் ஒரு தாய் செத்துக் கிடக்கிறாள். அவளுடைய தம்பி பீரோவை அளக்கிறான். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. செத்தவள் கைக்கடியில் செருகிவிட்டு அளக்கிறான். பிணமாகப் படுப்பவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். "ஒரு மணி நேரம் பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடுன்னு கத்தாம படுத்திருக்கிறதுக்கு நான்தான் சார் உங்களுக்குக் காசு கொடுக்கணும்" என்பாள்.

விளையாட்டுக்கு எழுதியது இல்லை அது. இயக்குநருக்கு ஏழு வயதில் சொந்த அம்மா வீட்டுக் கூடத்தில் செத்துக் கிடந்தபோது, சொந்த மாமா பீரோவை அளந்தார். அதை இருபத்தெட்டு வருஷம் நெஞ்சில் சுமந்து, ஒரே ஒருத்திக்காக எழுதினார்: அன்றிலிருந்து தன்னை வளர்த்த அக்காவுக்காக. அக்கா இதுவரை அவர் நாடகம் எதற்கும் வந்ததில்லை. "உன் மூஞ்சியைப் பார்க்கிறதே போதும்டா, தனியா டிக்கெட் வேறயா?" என்பாள். இதற்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளும் சிரித்துவிட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிடுவது என்று இவர் முடிவுகட்டிவிட்டார். நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மருந்துக்கடைக்காரியிடம் சொன்னாரே! அவளிடம் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி.

அக்கா வந்த அன்றைக்கு, விளக்கு ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேடையை விட்டுவிட்டு அக்காவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப் வெளியே வந்தது. அங்கங்கே கிளுகிளுப்பு ஆரம்பித்தது. டேப் பிணத்தின் கைக்கடியில் போனதுதான் தாமதம், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். தோள் குலுங்கக் குலுங்க வெளியே போய்விட்டாள்.

எழுந்து போய்விட்டாள்! ஒரு கணம் மனிதருக்கு உச்சி குளிர்ந்தது. மறுகணம், போனது அக்கா என்று உறைத்தது. ஓடினார்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. வாயில் கைக்குட்டை, கண்ணில் தாரை தாரையாக நீர்.

"அக்கா, அழாதே. நான் எழுதியிருக்கவே கூடாது."

"அழறேனா? அடேய், சிரிப்பை அடக்க முடியலடா! உள்ளயே சிரிச்சா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவேன்னு வெளிய ஓடி வந்தேன்."

இயக்குநர் முகம் இருண்டது. "அம்மா கிடக்கிற வீட்டுல பீரோவை அளந்தார் அந்த மனுஷன். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"மறுமுனையை அன்னிக்கு யார் பிடிச்சதுன்னு நினைக்கிற?"

"யாரு?"

"நான்தான். பிடிடின்னார், பிடிச்சேன். பீரோ ஓரத்துலேர்ந்து நாலு விரல் உள்ள தள்ளிப் பிடிச்சேன்."

"தெரியாமலா?"

"பதினாலு வயசுல எனக்கு அளக்கத் தெரியாதா? வேணும்னுதான்! அளவு குறைச்சலாக் காட்டுச்சு. தன் வீட்டு வாசல்ல நுழையும்னு நம்பி மாமாவும் அடுத்த வாரமே வண்டி வெச்சு எடுத்துட்டுப் போனார். அவர் வீட்டு வாசல்ல போய் நட்டநடுவுல சிக்கிச்சு பாரு! மாமா உள்ள, மாமி வெளிய. பொழுது சாயற வரைக்கும் அந்தம்மா ஜன்னல் வழியாவே திட்டித் தீர்த்தா. மறுநாள் பீரோ நம்ம வீட்டுக்கே வந்துருச்சு."

"மனசு உறுத்தித் திருப்பிக் கொடுத்தார்னு இல்ல நான்..."

"மாமாவுக்கா? மனசா?" அக்காவுக்கு மறுபடி பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா மட்டும் அதைப் பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாடா."

அந்தப் பீரோவில்தான் இயக்குநர் இன்றுவரை தன் நாடகங்களை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும் அவரிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பழைய வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருந்தது என்கிறாள் மருந்துக்கடைக்காரி. அவர் சிரித்துக் கேட்டவர்கள் யாரும் இல்லாததால் முதலில் அவளுக்குப் பயமாகிவிட்டதாம். சத்தம் உள்ளே மேடை வரை கேட்டு, மேசை மேலிருந்த பிணத்துக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. அன்றைக்கு நாடகம் எப்படி முடிந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

கம்பெனி மூடவில்லை. ஒரு வாரம் ஒத்திகை நடந்தது; பீரோ வாசலில் சிக்குகிற காட்சியும் சேர்ந்தது. புது வடிவத்தில், தம்பிக்காரன் அந்தப் பக்கம் திரும்பியதும் செத்தவளின் கை மெல்ல நகர்ந்து டேப்பை நாலு விரல் உள்ளே இழுக்கிறது. கூடத்தில் சிரிப்பில் கூரை பறந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தாடிக்காரர் மட்டும் விருட்டென்று எழுந்தார். "இருட்டு, பலவீனமானவங்க வராதீங்கன்னு எழுதிப்போட்டு மனுஷனைச் சிரிக்க வெச்சு ஏமாத்தறீங்க!" என்று கத்திவிட்டு வெளியேறினார்.

மருந்துக்கடைக்காரி நோட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார்! ஒண்ணு சார்! ஒருத்தர் போயிட்டார்!"

அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த இயக்குநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்குது. மாமி ஜன்னலுக்கு வர நேரம்."