தவசிகளுக்குத் தனித்தனி இலை

1971 தை அமாவாசையன்று, போடியில் மாயக்காள் தன் செத்துப்போன புருசன் தவசிக்குப் போட்ட இலையில் என்றோ செத்த அவனுடைய பாட்டன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். காதில் கடுக்கனும் தலையில் குடுமியும் இருந்ததால் ஆள் வேறு என்று தெரிந்தது. அவர் பெயரும் தவசிதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது ஊரெல்லாம் உள்ளதுதான். இந்தக் குடும்பத்தில் பெயருக்கே பஞ்சம் வந்ததுபோல, அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் தலைச்சன் பிள்ளைக்கு அதையே வைத்திருந்தார்கள்.

புருசன் பெயரை மாயக்காள் சொல்லக் கூடாது என்பதால் கொழுந்தன் பிச்சைமணிதான் கூப்பிட்டான். படையலில் முறை சொல்லும் வழக்கமில்லை, பேர் மட்டும்தான். மறுவருஷம் யானை மிதித்துச் செத்த தேவாரம் ஊர்த் தவசி வந்தார். அதற்கடுத்து வந்தவர் யாரென்றே தெரியவில்லை, ஆனால் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாயக்காள் அடுப்படியில் போய் அழுதாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நிழல்மரம் கழிக்கும்போது கிளை விழுந்து செத்தவன் அவள் புருசன். அன்று காலை ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு, அவள் போட்ட சோற்றைத் தொடாமல் ஜீப்பு ஏறிவிட்டான். அவனுக்கு ஒரே ஒரு வேளை சோறு போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

"மதினி, இன்னாருன்னு இனம் பிரிச்சுச் சொல்லாமக் கூப்புட்டா, முன்னால நிக்கிறவுகதான வருவாக" என்றான் பிச்சைமணி. அதன்பின் பதினாலு வருஷம் பழைய பத்திரங்களைப் புரட்டினான். கல்யாண வீடு, இழவு வீடு எங்கே போனாலும் கிழடுகளைப் பிடித்து வைத்து விசாரித்தான். மொத்தம் ஆறு தவசிகள் தேறினார்கள், மாயக்காள் புருசன் போக.

1987 தை அமாவாசையன்று ஆறு பேரையும் தகப்பன் பெயர், ஊர், செத்த விதம் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஏழாவது இலைக்கு அவன் வந்தான். அதே இருபத்தைந்து வயது. உட்காராமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மாயக்காளுக்கு அப்போது முப்பத்தொன்பது. மலைவேலையில் தலை நரைத்து, முன்பல் இரண்டு போயிருந்தது.

"ஆத்தா, மாயக்கா எங்க? இன்னும் கோவமா இருக்காளா?" என்று அவளிடமே கேட்டான்.

அவள் சோற்றுச் சட்டியை எடுத்தாள். "கோவமெல்லாம் இல்லப்பு. காட்டுக்குப் போயிருக்கா, வெரசா வந்துருவா. நீ சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அடுத்த வருஷமும் வந்து அதையே கேட்டான். அவளும் அதையே சொல்லிச் சோறு போட்டாள்.