நிரை திரும்பும் இடம்

வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு உலகத்தில் வேறு இல்லை. கம்பெனிக்காரர்கள் கேட்டது அதைத்தான்.

கொழும்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற சின்னக் கம்பெனி அது. பிக்சல் படங்களை வாசிக்கும் மென்பொருள் ஒன்று அவர்களிடம் இருந்தது. புல், ஆறு, வீடு, கிணறு என்று சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கிச் செய்த படத்தை அதற்குக் கொடுத்தால், முதல் கட்டத்தில் என்ன, அடுத்ததில் என்ன என்று ஒரே நீளமாக எண்களைக் கொட்டும். அதற்குத் தமிழில் விளக்கம் எழுத ஆள் தேடினார்கள். நான் எழுதினேன்.

எழுதினால் மட்டும் போதாதாம். அந்த மென்பொருளைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் என் விளக்கத்தைப் படித்து, அந்த எண்களை வைத்து ஒரு படத்தைத் தாளில் மறுபடி போட வேண்டும். நான் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதை வெட்டாமல் வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபடியே வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழையபடி கொழும்பு கார்மெண்ட்ஸுக்கு பஸ் ஏற வேண்டும், நாலு வயது மகளை விட்டுவிட்டு.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மழை நாளில் இறப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது, அதனால் நாத்தனார் பரிமளம் வீட்டில்தான் இருந்தாள். தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் வாளியை நகர்த்திய சண்டையில் அவளோடு எனக்கு மூன்று மாதமாகப் பேச்சில்லை. வாய் தவறி நான் எதையும் சொல்லிக் கொடுத்துவிடும் பயமில்லாத ஆள் அவள் ஒருத்திதான். மகளைத் தூது அனுப்பினேன். பரிமளம் வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் லெப்டொப்பின் முன் உட்கார்ந்தாள்.

நன்றாகத்தான் போனது. ஃபைலைத் திறந்தாள், எண்களை எடுத்தாள். அகலம் ஆறு கட்டம், உயரம் நான்கு என்று சரியாகப் படித்துக் கொப்பியில் கட்டம் போட்டாள். முதல் வரியை இடமிருந்து வலமாக நிரப்பினாள். அடுத்த வரிக்கு வந்தவள், வலது ஓரத்திலேயே இறங்கி அங்கிருந்து இடது பக்கமாக எழுதத் தொடங்கினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இருக்க வேண்டிய கிணறு அவள் படத்தில் ஆற்றுக்குள் போய் விழுந்தது.

வீடியோவை நிறுத்தினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை "மடச்சி."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "நீங்க எங்க எழுதியிருக்கீங்க அண்ணி? தோட்டத்துல நான் ஒரு மர நெரைய மேல வெட்டிக்கிட்டுப் போனா, அடுத்த நெரைய கீழ வெட்டிக்கிட்டு வருவேன். சும்மா திரும்பி நடந்து வந்து மறுபடி ஆரம்பிக்க எனக்கென்ன பைத்தியமா?"

விளக்கத்தை எடுத்துப் படித்தேன். அடுத்த வரியை எந்தப் பக்கம் தொடங்குவது என்று பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மணி மூன்றரை.

"ஒரு வரி முடிந்ததும் வந்த வழியே திரும்ப வேண்டாம். ஒவ்வொரு வரியையும் இடது ஓரத்திலிருந்தே தொடங்கவும்." இதை எழுதி, பக்கத்தில் அம்புக்குறியும் போட்டேன். ஆனால் பரிமளத்துக்கு இப்போது விஷயம் தெரியும். அவளை மறுபடி உட்கார வைத்தால் அது கள்ளம்.

"யாராச்சும் வேணும்," என்றேன், சுவரைப் பார்த்து.

அவள் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். திரும்பி வரும்போது கூடவே கருப்பாயி அக்கா. இருபத்திரண்டு வருடமாகப் பால் வெட்டுகிறவள்.

"ஏன்டி, வேற ஆளே கெடைக்கலையா?" என்றேன்.

"நான் பிழை விட்ட எடத்துல பிழை விடுற ஆளாத்தான் பார்த்துக் கூட்டியாந்தேன்," என்றாள் பரிமளம். "அவங்க தாண்டிட்டா எல்லாரும் தாண்டுவாங்க. புள்ளைய விட்டுட்டு நீங்க போக வேணாம்."

கருப்பாயி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, காட்டு," என்றாள்.

ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். முதல் வரி முடிந்தது. பேனா வலது ஓரத்தில் ஒரு கட்டம் கீழே இறங்கியது. பரிமளம் என் கையைப் பிடித்தாள். அக்கா பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு திரையை நிமிர்ந்து பார்த்தாள், நான் புதிதாகச் சேர்த்த அந்த இரண்டு வாக்கியங்களையும் மறுபடி படித்தாள், பேனாவைத் தூக்கி இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"வெறுங்கையோட திரும்பி நடக்கச் சொல்லுது இந்த மெசின்," என்று முணுமுணுத்தபடி கிணற்றை வீட்டு வாசலில் வைத்தாள்.

இரண்டு வீடியோவையும் அனுப்பினேன், பரிமளம் பிழை விட்டதையும் சேர்த்து. மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பரிமளம் வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குக் கிளம்பினாள். என் வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள்.