ஒரு முறை சொன்னால் போதும்

காவல் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் முன்னால் உட்காருகிறவர்களுக்கு முதலில் தேய்வது இடுப்பு, அடுத்தது காது. அந்த வயர்லெஸ்காரிக்கு இரண்டும் எப்போதோ தேய்ந்துவிட்டன. போன மாதத்திலிருந்து தூக்கமும் இல்லை.

அந்த வேலையில் ஒரு நாடகம் உண்டு. கைகாட்டியும் நிற்காமல் ஓடும் காரைப் போலீஸ் வண்டி துரத்தும். வேகம் எல்லை மீறினால், துரத்தலைக் கைவிடச் சொல்லி இவள் உத்தரவு கொடுக்க வேண்டும். ஒரு முறை சொன்னால் போதும். துரத்துகிற சூட்டில் இருப்பவன் விடுவானா? "கேக்கலை, கேக்கலை" என்பான். சொன்னேன் என்று இவள் பக்கம் பதிவாகிவிடும், கேட்கவில்லை என்று அவன் பக்கம் பதிவாகிவிடும். பாம்பு செத்ததோ இல்லையோ, யார் கம்பும் உடையாது.

போன மாதம் ஏழாம் வண்டி "கேக்கலை" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அது துரத்திய கார் பள்ளிக்கூட நாற்சந்தியில் ஒரு தையல்காரப் பெண்ணை அடித்துத் தூக்கியது. அவள் அங்கேயே போய்விட்டாள். விசாரணை வந்தது, பதிவைக் கேட்டார்கள், யார் மேலும் தப்பில்லை என்று எழுந்து போனார்கள். ஏழாம் வண்டியை ஓட்டியவன் வயர்லெஸ்காரியின் கூடப்பிறந்த தம்பி. இவள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியெல்லாம் பேசினார்கள், அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

இன்று மத்தியானம் மறுபடியும் அவன் குரல் வந்தது.

"ஏழு பேசுறேன். வெள்ளைக் கார், நிக்காம போறான். பின்னாடியே போயிட்டிருக்கேன்." நம்பரையும் சொன்னான்.

சுவர்த் திரையில் ஏழாம் வண்டியின் பச்சைப் புள்ளி அதே நாற்சந்தியை நோக்கி விரைந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

"ஏழு, துரத்துறதைக் கைவிடுங்க."

"கேக்கலை."

"ஏழு, நம்பர்தான் இருக்கே. வீட்லயே போய்ப் பிடிச்சுக்கலாம். விட்டுடுங்க."

"கேக்கலை, கட்டாகுது."

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை என்ன செய்வது? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. போதும்டா சாமி என்ற அலுப்புதான் வந்தது. வயர்லெஸ்ஸில் உறவுமுறை சொல்லி அழைக்கக் கூடாது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"டேய் தம்பி, அக்காடா. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுடா. பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுற நேரம்டா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், விட்டுடுடா."

ஊரிலுள்ள அத்தனை போலீஸ் வண்டிகளிலும் அது ஒலித்தது. பச்சைப் புள்ளி மெதுவானது, நாற்சந்திக்கு முன்னால் நின்றது.

"ஏழு. விட்டாச்சு."

உடனே எவனோ ஒருவன், "ஏழு, சீக்கிரம் வீட்டுக்குப் போ, அக்கா சோறு போட்டு வெச்சிருக்காங்க" என்றான். வரிசையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அறையின் பொறுப்பு அதிகாரி சிரிக்கவில்லை. அவள் மேசைக்கே வந்துவிட்டார். "நம்பர் போலிம்மா. இனி அவனை எங்க போய்த் தேடுறது? இப்படி ஆளாளுக்குப் பாசத்தைக் கொட்டினா, நாளைக்குக் கை காட்டினா எவன் நிப்பான்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். போனவன் என்னென்ன செய்துவிட்டுப் போனானோ, இன்னும் என்னென்ன செய்வானோ. "பிள்ளைங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"மேலிடத்துல கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்று போய்விட்டார்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது வண்டிகள் நிற்கும் கொட்டகையில் தம்பி பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் தலைகுனிவு என்றால் அவனுக்கு ஆகாது. அவளே முந்திக்கொண்டாள்.

"எல்லாரும் கேக்குற மாதிரி அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதுடா. இனி உன்னை ஓட்டி எடுத்துடுவாங்க."

"ஓட்டட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மாடியிலும் தூக்கமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ கூப்பிட்டதும் கால் தானா வந்துடுச்சுக்கா" என்றான். ஷூ முனையால் டயரைத் தட்டினான். பிறகு, "அன்னைக்கு ஏன்க்கா இப்படிக் கூப்பிடல?" என்றான்.

விதியைச் சொல்லியிருக்கலாம். அவனுடைய பொய்யைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை.

"அன்னைக்கு என் மேல பழி வராம இருந்தாப் போதும்னு இருந்துட்டேன்டா" என்றாள்.